கண்ணைக் குத்தாத சாமி

ஆடி மாதத்து மூன்றாம் வெள்ளி. இலை போட்டுப் படைப்பதற்கு முன்பே என் மகள் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துத் தின்றுவிட்டாள். ஐந்து வயது, யூ.கே.ஜி. படிக்கிறாள். வடை சூடாக இருந்தது, பசித்தது, எடுத்தாள். வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரப் பெண்மணி பதறிப்போய், “படைக்கறதுக்கு முன்னாடியே தின்னுட்டியா? சாமி கண்ணக் குத்தப் போவுது பாரு!” என்றார். கோபத்தில் சொல்லவில்லை. நாம் எல்லோரும் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அன்றிலிருந்து நான்கு நாள், சாமி அலமாரி இருக்கும் கூடத்தைப் பாப்பா இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டுதான் கடந்தாள். இரண்டாம் நாள் நிலைப்படியில் மோதி நெற்றி புடைத்துக்கொண்டது. “ஏண்டி இப்படி நடக்கற?” என்றால், “மூடிக்கிட்டா குத்த முடியாதுல்ல?” என்றாள். கேட்டதும் சிரிப்பு வந்தது. வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுக்கையில் அழுகை வந்தது. அதுவரை விளக்கேற்றும்போது என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்று, முருகருக்கு “டாட்டா” காட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போன குழந்தை அவள்.

என் மாமியார்தான், பாப்பாவுக்கு ஆயா, அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: “நம்மூரு சாமி கண்ணையெல்லாம் குத்தாதுடி கண்ணு. அது சிரிக்கிற சாமி.”

எங்களுக்குத் திருவதிகை. பண்ருட்டி பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம்; இப்போது இரண்டு ஊருக்கும் நடுவே இடைவெளி என்று ஒன்றும் இல்லை. கெடிலத்தின் வடகரையில் வீரட்டானேசுவரர் கோயில். சிவபெருமான் வீரம் காட்டியதாகச் சொல்லும் எட்டுத் தலங்களில் ஒன்று. மற்ற ஏழில் நடந்ததைக் கேட்டால் பிள்ளைகளுக்கு வயிறு கலங்கும். திருக்கடவூரில் எமனை உதைத்தார். வழுவூரில் யானையின் தோலை உரித்தார். கண்டியூரில் பிரமன் தலையைக் கொய்தார். குறுக்கையில் மன்மதனை நெற்றிக்கண்ணால் எரித்தார். திருவதிகையில் மட்டும்தான் கையும் ஓங்கவில்லை, காலும் தூக்கவில்லை. சிரித்தார், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பில் முப்புரமும் எரிந்தது.

அன்று இரவு கரண்ட் போயிருந்தது. வாசலில் பாய் போட்டு ஆயா கதை சொன்னார். மூன்று அசுரர்கள். பொன்னால், வெள்ளியால், இரும்பால் மூன்று பறக்கும் கோட்டைகள். தாங்க முடியாமல் தேவர்கள் வந்து முறையிட, சண்டைக்கு ஏற்பாடு நடக்கிறது. பூமியே தேர். சூரியனும் சந்திரனும் சக்கரம். நாலு வேதமும் குதிரை. ஓட்டுகிறவர் பிரமன். மேரு மலை வில், வாசுகிப் பாம்பு நாண், பெருமாளே அம்பு. புறப்படும்போது பிள்ளையாரைக் கும்பிட மறந்துவிட்டார்கள், அச்சு முறிந்துவிட்டது. அச்சு முறிந்த இடம்தான் அச்சிறுபாக்கம். அதையும் சரிசெய்துகொண்டு வந்து, வில்லை வளைத்து, அம்பை ஏற்றி, கடைசியில் சாமி ஒரு சிரிப்புச் சிரிக்கிறார்.

பாப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “சிரிச்சாலே போதும்னா எதுக்கு ஆயா தேரு?”

கோயில் விமானத்தையே தேர் வடிவில் கட்டி வைத்திருக்கிற ஊரில் கேட்கிற கேள்வியா இது என்று நான் நினைத்தேன். ஆயா அசரவில்லை. “தேருதான் வந்துச்சே, அதுங்க சும்மா இருந்துச்சா? நான் இல்லாட்டி இவருக்குச் சக்கரம் ஏது, நான் இல்லாட்டி வில்லு ஏதுன்னு ஒவ்வொண்ணும் மனசுக்குள்ள பெருமையடிச்சிக்கிச்சு. அதுக்குத்தான் சிரிச்சாரு.” பாப்பா கொஞ்சம் யோசித்தாள். “எங்க கிளாஸ்ல ரெண்டு பேரு இருக்காங்க. மிஸ்ஸோட ஸ்கேலை நான்தான் எடுத்துட்டு வருவேன்னு டெய்லி சண்டை போடுவாங்க. மிஸ்ஸும் சிரிப்பாங்க.” புராண விளக்கம் சொல்கிறவர்கள் அரை மணி நேரம் எடுத்துக்கொள்வதை இவள் ஒரு ஸ்கேலில் முடித்துவிட்டாள்.

அதோடு விட்டிருந்தால் நானும் தூங்கியிருப்பேன். விளக்கு வந்து, எல்லோரும் உள்ளே வந்து படுத்த பிறகு, இருட்டில் காதருகே கேட்டாள்: “ம்மா, அந்த மூணு ஊர்லயும் பாப்பாங்க இருந்தாங்களா?”

எத்தனையோ வருடமாக இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். கோபுரத்தையும் விமானத்தையும் நிமிர்ந்து பார்த்திருக்கிறேன். எரிந்த ஊருக்குள் தொட்டில் இருந்திருக்குமே என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. “பேசாம தூங்கு” என்றேன். அப்படிச் சொன்னது தப்பு. கண்ணைக் குத்தும் என்று பயமுறுத்துவதும், பேசாமல் தூங்கு என்பதும் ஒன்றுதான். இரண்டுமே குழந்தையின் வாயை மூடுகின்றன. விடிய விடிய எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பிள்ளை சாப்பிடவில்லை என்றால் பூச்சாண்டி வரும் என்கிறோம். அழுதால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்கிறோம். ஓடினால் டாக்டர் ஊசி போடுவார் என்கிறோம். சுவரில் கிறுக்கினால் சாமி கண்ணைக் குத்தும் என்கிறோம். பூச்சாண்டி, போலீஸ், ஊசி, சாமி! இந்த வரிசையில் சாமியை நிற்க வைத்தது நாம்தான். பத்து வயதில் பூச்சாண்டி பொய் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அதே வரிசையில் நிற்கிற சாமியை மட்டும் அது எப்படி நம்பும்?

மறுநாள் ஆயாவிடம் பாப்பாவின் கேள்வியைச் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். பிறகு, “மூணு பேரு பொழச்சாங்களே, அதை நான் சொல்லாம விட்டுட்டேன்” என்றார். உண்மைதான். முப்புரம் எரிந்தபோது அங்கே சிவபக்தியில் மாறாத மூவர் பிழைத்தார்கள் என்றும், அவர்களில் இருவரைத் தம் கோயில் வாசலுக்குக் காவலாக வைத்துக்கொண்டு, ஒருவரைத் தாம் ஆடும்போது முழவு வாசிக்க வைத்துக்கொண்டார் என்றும் சுந்தரர் திருப்புன்கூர்ப் பதிகத்தில் பாடியிருக்கிறார். நாம் உள்ளே போகும் அவசரத்தில் தாண்டிப் போகிற துவாரபாலகர்கள், அந்தக் கதையின்படி, வீடு எரிந்தவர்கள்.

அதைப் பாப்பாவிடம் சொன்னேன். பாப்பாக்கள் இருந்தார்களா என்பது எனக்குத் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். தெரியவில்லை என்று அம்மா சொன்னதை அவள் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. “ஆயாவுக்கும் தெரியாதா? சரி, நான் பெரிசானதும் சொல்றேன்” என்றாள்.

கேள்வி கேட்பது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் இங்கே மனவாசகம் கடந்தார் என்று ஒருவர் இருந்தார். திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டாரின் மாணவர். அவர் எழுதிய ‘உண்மை விளக்கம்’ சைவ சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கில் ஒன்று. அந்த நூல் முழுக்க மாணவன் கேட்கிறான், ஆசிரியர் சொல்கிறார். உயிர் என்றால் என்ன, இருள் என்றால் என்ன, ஐந்தெழுத்து எது, ஆடுகிற கூத்து எது என்று ஒன்று முடிந்தால் அடுத்தது. “எத்தனை வாட்டிதான் கேப்ப?” என்று மெய்கண்டார் எரிந்து விழுந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் ராத்திரி நடப்பதைச் சொன்னால்தான் சுந்தரர் கதை ஏன் பாப்பாவுக்குப் பிடித்தது என்பது விளங்கும். அவள் படுத்த திசையில் எழுந்ததே கிடையாது. பத்து மணிக்குக் கிழக்கே தலை வைத்துப் படுத்தால், பன்னிரண்டு மணிக்குத் தெற்கு. மூன்று மணிக்கு அவள் அப்பாவின் முகத்தில் கால். அவர் நகர்ந்து படுப்பார். கால் பின்னாடியே போகும். தலையணையை எடுத்துக்கொண்டு பாயின் மறுகோடிக்குப் போவார். நாலு மணிக்கு அங்கேயும் கால். “இந்தக் காலுக்கு எப்படித்தான் வழி தெரியுதோ!” என்பார் காலையில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே.

ஆயா சொல்வார்: “சுந்தரருக்கே விழுந்துச்சு. நீ என்னா?”

தில்லைக்குப் போகிற வழியில் சுந்தரர் திருவதிகைக்கு வருகிறார். பொழுது சாய்ந்துவிட்டது. ஆனால் ஊருக்குள் நுழைய அவருக்குக் கால் வரவில்லை. அப்பர் உழவாரம் பிடித்துக் கைத்தொண்டு செய்த மண், அதை மிதிப்பதா என்று தயக்கம். ஊருக்கு வெளியே சித்தவட மடத்தில் படுத்துக்கொள்கிறார். வயசான ஒருவர் வந்து பக்கத்தில் படுக்கிறார். அவர் கால் சுந்தரர் தலையில் படுகிறது. “பெரியவரே, கால் என் தலைமேல் படுகிறதே” என்கிறார் இவர். வயசாகிவிட்டது, திசை தெரியவில்லை என்று பெரியவர் பதில் சொல்கிறார். இவர் தலையை மாற்றி வைத்துப் படுக்கிறார். மறுபடியும் கால். மறுபடியும் மாற்றுகிறார். மறுபடியும். பொறுக்க முடியாமல், யார் நீர் என்று கேட்கும்போது, என்னைத் தெரியவில்லையா என்று கேட்டுவிட்டுப் பெரியவர் மறைந்துபோகிறார்.

சேக்கிழார் இந்த இடத்தைப் பெரியபுராணத்தில் எழுதும்போது நிச்சயம் முகத்தில் ஒரு சிரிப்போடுதான் எழுதியிருப்பார் என்பது என் எண்ணம். நாட்டைச் சுற்றிக் கோயில் கோயிலாக எந்தத் திருவடியைத் தேடிப் போனாரோ, அது தானாகத் தலையில் வந்து விழ, கொஞ்சம் தள்ளிப் படுங்கள் என்று இவர் சொல்கிறார். பிள்ளை வளர்க்கிற வீட்டில் இதைவிடப் புரிகிற கதை வேறில்லை. கதை கேட்ட மறுநாள் ராத்திரி பாப்பா முன்கூட்டியே அறிவித்துவிட்டாள்: “அப்பா, இன்னிக்கு கால் பட்டா திட்டக்கூடாது. யாருன்னு கேக்கணும்.” அவரும் மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில், “யாரும்மா அது?” என்று கேட்டார். பதிலுக்கு இன்னொரு உதை விழுந்தது.

அந்த உறவுக்காரப் பெண்மணி அடுத்த முறை வந்தபோது இந்தப் பேச்சு எழுந்தது. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. “அதே சுந்தரர் கண்ணுதான போச்சு? சாமி எடுத்துக்கல?” என்றார். நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. போனது. திருவொற்றியூரில், உன்னைப் பிரியமாட்டேன் என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு, ஊர் எல்லையைத் தாண்டினார். பார்வை போயிற்று. ஆனால் அது வளர்ந்த ஆள், கட்டிய மனைவிக்குக் கொடுத்த வாக்கு. பசித்த குழந்தை வடை தின்றதற்கு அல்ல. அதன் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். சுந்தரர் பயந்து ஒடுங்கிவிடவில்லை. வழி நெடுகச் சண்டை போட்டுக்கொண்டே போனார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது, காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் இன்னொரு கண். கோபித்துக்கொள்ளலாம், உரிமையோடு திட்டலாம், மறுபடி போய் நிற்கலாம் என்கிற கதை அது. கண்ணப்பரையும் சொன்னேன்: சாமி கண்ணில் ரத்தம் கண்டு தன் கண்ணைத் தோண்டி அப்பியவர். இந்த இரண்டு கதையிலும் சாமி பிள்ளைகளைத் துரத்திக்கொண்டு வரவில்லை. அந்த அம்மா ஒத்துக்கொண்டாரா இல்லையா தெரியாது. போகும்போது பாப்பா கையில் ஒரு முறுக்கைக் கொடுத்து, “படைக்கலன்னாலும் பரவால்ல, தின்னு” என்றார்.

பாப்பாவுக்கு ஒரு தம்பி இருக்கிறான். ஒரு வயது முடிந்து இரண்டு மாதம். அதனால் எங்கள் ஊர்க் கோயிலில் அவளுக்கு மிக நெருக்கமான இடம் திலகவதியார் சன்னதி. “இவங்களும் அக்காதான்” என்பாள், சங்கத்தில் ஒரே பதவி வகிப்பவர் போல.

திலகவதியார் கதையை நாம் அப்பர் கதையின் முன்னுரையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். பக்கத்தில் இருக்கிற திருவாமூர்தான் சொந்த ஊர். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். நிச்சயித்த மாப்பிள்ளை கலிப்பகையார் போரில் இறந்தார். தானும் போய்விடுகிறேன் என்றவளின் காலைச் சின்னத் தம்பி பிடித்துக்கொண்டு அழுதான். அவனுக்காக உயிரோடு இருந்தாள். அந்தத் தம்பி வளர்ந்து, சமணத் துறவியாகித் தருமசேனர் என்ற பெயரோடு பாடலிபுத்திரத்தில், அதாவது இப்போதைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில், பெரிய இடத்தில் இருந்தான். வயிற்றில் சூலை நோய் வந்து எந்த வைத்தியமும் கேட்காதபோது, ராத்திரியோடு ராத்திரியாக அக்காவிடம் வந்து விழுந்தான். ஏன் போனாய், என்ன செய்தாய் என்று அந்த அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருநீறு கொடுத்தாள். விடியலில் விளக்குமாறு, சாணம், தண்ணீர்த் தோண்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். வாசல் பெருக்குகிற வேலையை அன்றைக்கும் விடவில்லை. அங்கேதான் அப்பரின் முதல் பதிகம் பிறந்தது.

போன மாதம் ஒரு ராத்திரி எங்கள் பையனுக்கு வயிற்று வலி. வீல் வீல் என்று அழுகை. ஆயா பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவினார், ஓமத் தண்ணி வைத்தார். விடிந்ததும் டாக்டரிடம் தூக்கிப் போக வேண்டும் என்று நான் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். “சூலை மாதிரி துடிக்கறானே” என்று ஆயா முணுமுணுத்ததைப் பாப்பா கேட்டுவிட்டாள். கண் விரிய என்னிடம் வந்து, “ம்மா, தம்பி வயித்துல செங்கல் சூளையா இருக்கு?” என்றாள். சுற்றிலும் சூளை புகைகிற ஊரில் வளர்கிற பிள்ளை. அந்த நேரத்திலும் சிரித்துவிட்டேன். பிறகுதான் தோன்றியது, அப்பரையும் ஏழு நாள் நீற்றறையில், சுண்ணாம்புக் காளவாயில், அடைத்தார்களே என்று. சூலையும் சூளையும் அவர் ஒருவருக்கே நேர்ந்தவை.

இதற்குள் பாப்பா சாமி அலமாரியிடம் போயிருந்தாள். கண்ணைப் பொத்திக்கொள்ளாமல் போனாள். திருநீற்று டப்பாவைத் தூக்கி வந்து, தம்பியின் நெற்றி, கன்னம், மூக்கு, வயிறு என்று ஓரிடம் விடாமல் பூசினாள். அவன் தும்மினான். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தும்மலோடு சேர்ந்து கீழே காற்றும் பிரிந்தது. அழுகை நின்றது. அவன் சிரிக்க, வெள்ளை முகத்தில் நாலு பல் மட்டும் தெரிந்தது. பெருங்காயமா, ஓமமா, திருநீறா, தும்மலா என்று எங்களுக்குள் இன்னும் வழக்கு முடியவில்லை. காலையில் டாக்டரையும் பார்த்தோம்; வாயுதான் என்றார்.

அப்பூதியடிகள் கதையை மட்டும் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம். திங்களூரில் அவர் அப்பரை, அதாவது திருநாவுக்கரசரை, பார்க்காமலேயே அவர்மேல் வைத்த பிரியத்தில், மூத்த பிள்ளைக்கும் திருநாவுக்கரசு, இளைய பிள்ளைக்கும் திருநாவுக்கரசு, தண்ணீர்ப் பந்தலுக்கும் அதே பெயர், மாட்டுக்கும் அதே பெயர் என்று வைத்தவர். கேட்டதும் பாப்பா தன் சொத்துக்கெல்லாம் ‘ஆயா’ என்று பெயர் வைத்துவிட்டாள். தண்ணி பாட்டில் ஆயா, பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி ஆயா, கொலுவுக்கு வாங்கிய பண்ருட்டி மண் கிளி ஆயா. ஒரு மத்தியானம் உள்ளேயிருந்து, “அப்பா! ஆயா கீழ விழுந்து உடைஞ்சிடுச்சு!” என்று கத்தல். சோற்றுக் கையோடு அவர் ஓடிய ஓட்டத்தில் சொம்பு உருண்டது, நாற்காலி சாய்ந்தது. கிளி மூன்று துண்டாகக் கிடந்தது. நிஜ ஆயா கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். கிளிக்காகப் பாப்பா அழுத அழுகையைப் பார்த்து, “நெசமா நான் போனாலும் இப்படி அழுவியாடி?” என்று கேட்டுவிட்டு, அவரே பசை வைத்து ஒட்டிக் கொடுத்தார். கிளிக்குக் கழுத்து கொஞ்சம் கோணல்தான்.

சிதம்பரத்துக்குப் போனபோது ரகசியம் பார்க்கத் தூக்கிக் காட்டினோம். திரை விலகியது. பொன் வில்வ மாலைகள் தொங்கின, வேறொன்றும் இல்லை. பின்னாலிருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, “சாமி மாலையைக் கழட்டி வெச்சிட்டுக் குளிக்கப் போயிருக்கு” என்றாள். யாரோ ஒரு பெரியவர், “வரும் வரும், இரு” என்று அவளிடம் பதில் சொன்னார். அதட்டவில்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

சென்ற பிரதோஷத்துக்கு வீரட்டானேசுவரரைப் பார்க்கப் போயிருந்தோம். தரிசனம் முடிந்து, நானும் ஆயாவும் தூண் ஓரம் உட்கார்ந்து பையனுக்குப் பிரசாதம் ஊட்டிக்கொண்டிருந்தோம். பாப்பாவைக் காணவில்லை. தேடினால், வாசலில் துவாரபாலகர் முன்னால் அண்ணாந்து நிற்கிறாள். அவர் வழக்கம்போல ஒரு காலை மடக்கித் தூக்கிக் கதாயுதத்தின்மேல் வைத்துக்கொண்டு, ஒரு விரலை நீட்டி எச்சரித்துக்கொண்டிருக்கிறார். பாப்பா அவரிடம் பேசிக்கொண்டிருந்தது எங்கள் காதில் விழுந்தது.

“உங்க வீடு எரிஞ்சிடுச்சுன்னு அம்மா சொன்னாங்க.” கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. “எவ்ளோ நேரம் ஒத்தக் கால்ல நிப்பீங்க? வலிக்குமில்ல? நீங்க போய் உக்காருங்க. நான் பாத்துக்கறேன்.”

சொல்லிவிட்டுத் திரும்பி நின்றாள். அவரைப் போலவே வலது காலை மடக்கித் தூக்கிக்கொண்டாள். கதாயுதத்துக்குப் பதில் தண்ணி பாட்டில். ஆள்காட்டி விரலை நீட்டினாள். ஆட்டம் கண்டது, சுவரைப் பிடித்துக்கொண்டாள், மறுபடி நின்றாள். வருகிறவர்கள் விலகி விலகி உள்ளே போனார்கள். கூப்பிடப் போன என் கையை ஆயா பிடித்து உட்கார வைத்தார்.

தலையெல்லாம் நரைத்த ஒரு அம்மா, கையில் அர்ச்சனைத் தட்டோடு வந்தவர், அவள் முன்னால் நின்றுவிட்டார். “நான் உள்ள போவலாங்களா?” என்று கேட்டார்.

பாப்பா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். குனிந்து கால்களைப் பார்த்தாள். செருப்பு இல்லை.

“போங்க ஆயா” என்றாள்.